டேப்பைக் கழற்ற விடுவதற்கு முன்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், கடை, கம்பெனி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் தக்காளி கமிஷன் மண்டி நடத்துகிறார். கணக்கு வழக்கு இவர் பொறுப்பு. ஒன்பது மாதத்துக்கு முன் தருமபுரி டவுனில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு டேப் ஒன்று வாங்கினார்கள். காலையில் மண்டியில் பெட்டிக் கணக்கு, சாயங்காலம் பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பாட வீடியோ. இரண்டு மாதமாகவே திரையின் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை டச் ஆகவில்லை. சார்ஜ் போட்டால் தானாகவே எதையாவது திறந்து மூடும். போன வாரம் திரை முழுக்க நின்றுபோனது. படம் தெரிகிறது, சத்தம் வருகிறது, மெசேஜ் வந்து விழுகிறது. விரலுக்கு மட்டும் அசையவில்லை.

சர்வீஸ் சென்டரில் கவுன்டரில் இருந்தவர் டேப்பைத் திறக்காமலே, திருப்பிப் பார்த்துவிட்டு, “தண்ணீர் பட்டிருக்கு, வாரண்டி கிடையாது, டிஸ்ப்ளே மாற்ற 8,400” என்றாராம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் 3,500 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். வாசகியின் தம்பி, “ஃபேக்டரி ரீசெட் பண்ணினால், அதாவது உள்ளதையெல்லாம் அழித்துப் புதுசு போல ஆக்கினால், சரியாகிவிடும்” என்கிறார். மைத்துனர் இன்னும் ஒரு படி மேலே போய், “ஐந்து லட்சம் கேட்டு கேஸ் போடு, ஆனால் பில்லில் பெங்களூரு கோர்ட் என்று போட்டிருக்கிறது, அங்கேதான் போக வேண்டும்” என்கிறார். பில் காகிதம் தொலைந்துவிட்டது. டேப்பை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்ததையும் வாசகி மறைக்காமல் எழுதியிருக்கிறார். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

அம்மா, உங்களுக்கு யோசனை சொன்ன நால்வரில் மூன்று பேர் டேப்பை உடனே ஏதாவது செய்யச் சொல்கிறார்கள். சட்டம் தெரிந்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது, ஒன்றும் செய்யாதீர்கள் என்பதுதான். வெளிக்கடையில் ஒருமுறை திறந்துவிட்டால், பழுது எதனால் வந்தது என்பதை அதன் பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. “எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள்” என்ற ஒரே வரியில் கம்பெனி வக்கீல் வெளியே போய்விடுவார். நுகர்வோர் வழக்குகளில் நல்ல மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதற்காக டேப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லவில்லை. திறக்காமலே, பைசா செலவில்லாமலோ நூறு இருநூறு ரூபாய் செலவிலோ நீங்களே தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது. பழுது எந்த வகை என்று தெரிந்தால்தான் உங்கள் உரிமை எவ்வளவு என்பதும் தெரியும்.

முதலில் பேட்டரி

டேப்பைச் சமமான மேஜை மேல் மல்லாத்தி வையுங்கள். ஆடுகிறதா? பின்பக்கம் புடைத்திருக்கிறதா? திரையின் ஏதாவது ஒரு ஓரம் சட்டத்தை விட்டு மேலே எழும்பியிருக்கிறதா? நீங்கள் சொல்லும் இடது ஓரத்தில் வெளிச்சம் மட்டும் வேறு மாதிரி, வெளிறித் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. உப்பிய பேட்டரி திரையைப் பின்னாலிருந்து தள்ளும். ஓரத்தில் தொடங்கி டச் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியானால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், மகள் கையில் கொடுக்காதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது லேசில்லை. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். கீழே சொல்லும் சோதனைகள் எதுவும் அப்போது வேண்டாம்.

பேட்டரி சரியாக இருந்தால் மேலே படியுங்கள்.

சார்ஜரா, கண்ணாடியா, மென்பொருளா?

டச் திரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு கட்டம் கட்டமாக ஓடுகிறது. விரல் கிட்டே வந்தால் அந்த இடத்து மின்னேற்றம் மிகச் சிறிதளவு மாறும். அந்த மாற்றத்தைத்தான் டேப் ‘தொட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறது. அளக்கப்படுவது அவ்வளவு நுணுக்கமானது என்பதால் மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலே அதைக் குழப்பிவிடும். ‘சார்ஜ் போட்டால் தானாகத் திறக்கிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அது டேப்போடு வந்த சார்ஜரா, மண்டியில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கும் சார்ஜரா? கடிதத்தில் அது இல்லை. இது முக்கியம். கண்ட சார்ஜரைப் போட்டதால் வந்த கோளாறு என்று கம்பெனி சொல்ல இடம் இருக்கக் கூடாது. இனி அசல் சார்ஜர் மட்டும்.

தண்ணீரும் இப்படித்தான் குழப்பும். திரைமேல் நிற்கும் நீர்த்துளியை டேப் விரல் என்று நினைக்கும். தக்காளி பெட்டியில் கை வைத்துவிட்டு, ஈரமும் மண்ணுமாகத் திரையைத் தொட்டால் அது சரியாக வேலை செய்யாதது பழுதில் சேராது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில், உலர்ந்த கைக்கும் இரண்டு மாதம் தொடர்ந்து டச் ஆகவில்லை என்றால் அதை ஈரக்கை தலையில் கட்ட முடியாது.

டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தால் அதன் ஓரம் தூக்கி, தூசி புகுந்திருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் எடுத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். டெம்பர் ஒட்டினாலே வாரண்டி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணமாக அப்படி இல்லை. உங்கள் வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதைப் படித்துவிடுங்கள், நான்கு பக்கம்தான்.

அடுத்தது ரீஸ்டார்ட். திரை நின்றுபோனால் திரையில் ‘ஆஃப்’ அழுத்த முடியாது என்பதால் பட்டன்தான் வழி. பல ஆண்ட்ராய்டு டேப்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து முதல் இருபது விநாடி பிடித்தால் அணைந்து மறுபடி எழும். தப்பித்தவறி ஆங்கிலத்தில் ஒரு கறுப்புப் பட்டியல் வந்தால் பயப்பட வேண்டாம். அதில் ‘ரீபூட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வைப் டேட்டா’ என்று ஒரு வரி இருக்கும், உள்ளதையெல்லாம் அழித்துவிடும். அந்தப் பக்கம் போகவே கூடாது.

இப்போது உண்மையான சோதனை. ஓடிஜி அடாப்டர் என்று கேளுங்கள், எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும். உங்கள் டேப்பின் சார்ஜர் துளைக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றைச் செருகி டேப்பில் மாட்டுங்கள். வயர் வைத்த மவுஸே நல்லது. புளூடூத் மவுஸ் வேண்டாம். அதை இணைக்கவே திரையைத் தொட வேண்டியிருக்கும். டேப்பில் ஒரே துளைதான் என்பதால் முதலிலேயே முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். மாட்டியதும் திரையில் சின்னதாக ஒரு அம்புக்குறி வரும். அதைக் கொண்டே பின் நம்பர் போட்டு உள்ளே போகலாம்.

அம்புக்குறி சொன்ன இடத்துக்கெல்லாம் போய், டேப் சொன்னபடி கேட்டால் டேப்பின் மூளைக்கு ஒன்றும் இல்லை. கோளாறு பெரும்பாலும் டச் கண்ணாடியிலோ அதை போர்டோடு இணைக்கும் பட்டை வயரிலோதான். மவுஸுக்கும் டேப் உறைந்து நின்றால் மென்பொருள் கோளாறையோ போர்டு கோளாறையோ சந்தேகிக்கலாம். மவுஸ் கிடைத்தவுடன் இன்னொன்றும் செய்யுங்கள். செட்டிங்ஸில் ‘அபவுட் டேப்லெட்’ போய் ‘பில்டு நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சில மாடல்களில் இது இன்னொரு மெனு உள்ளே இருக்கும். அதில் ‘பாயின்டர் லொகேஷன்’ என்பதை ஆன் செய்தால் விரல் போகும் பாதை திரையில் கோடாக விழும். விரலை மெதுவாக இடமிருந்து வலம் இழுங்கள். டச் கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் செத்த பட்டையில் கோடு அறுந்து, மறுபக்கம் மறுபடி தொடங்கும். இன்னொரு போனில் இதை வீடியோ எடுங்கள், விரலும் திரையும் டேப்பின் நாலு ஓரமும் தெரிகிற மாதிரி, விரிசல் எதுவும் இல்லை என்பதும் தெரிகிற மாதிரி. இந்த ஒரு நிமிட வீடியோ பத்துப் பக்கப் பிரமாணப் பத்திரத்தைவிட உங்களுக்கு உதவும்.

மவுஸ் கைவசம் இருக்கும்போதே மண்டிக் கணக்கையும் மகளின் நோட்ஸையும் கம்ப்யூட்டருக்கோ கூகுள் டிரைவுக்கோ மாற்றிவிடுங்கள். மகள் அவசரத்துக்கு அதே மவுஸை வைத்துப் படிக்கவும் செய்யலாம்.

தம்பியின் ரீசெட் யோசனை

மவுஸ் வேலை செய்து விரல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரீசெட் அநேகமாகப் பலன் தராது. கணக்கு மொத்தமும் போகும், கண்ணாடி அப்படியே இருக்கும். அதோடு ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து ஒரு திருட்டுத் தடுப்பு ஏற்பாடு உண்டு: பட்டன் வழியாக ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டால்தான் டேப் திறக்கும். வாங்கிய அன்று கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்த ஜிமெயிலாக இருந்தால், அதன் பாஸ்வேர்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? டச் போன டேப் பூட்டிய டேப்பாகவும் ஆகிவிட வேண்டாம்.

8,400-க்கும் 3,500-க்கும் என்ன வித்தியாசம்

சில டேப்களில் டச் கண்ணாடி தனி, படம் காட்டும் டிஸ்ப்ளே தனி. அவற்றில் கண்ணாடி மட்டும் மாற்றினால் போதும், செலவு குறைவு. பல புதிய டேப்களில் இரண்டையும் பசையால் ஒன்றாக ஒட்டியே செய்கிறார்கள், மாற்றினால் மொத்தமாகத்தான். உங்களுடையது எந்த வகை என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கம்பெனி ஆட்களைவிடக் கை சுத்தமான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் வாரண்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது அவரிடம் போவது, கையில் இருக்கும் சீட்டை நாமே கிழிப்பது. வாரண்டி கிடையாது என்று எழுத்தில் முடிவானபின், வழக்கும் வேண்டாம் என்று தீர்மானித்தால், தாராளமாக அவரிடம் கொடுங்கள்.

‘தண்ணீர் பட்டிருக்கு’ என்றால் எழுதித் தரட்டும்

வாரண்டி என்பது உற்பத்திக் குறைக்குத்தான். தண்ணீர், உடைசல் பொதுவாக அதில் வராது. அந்த மட்டில் கம்பெனி சொல்வது சரி. ஆனால் தண்ணீர் பட்டது என்று சொல்கிறவர் அதைக் காட்ட வேண்டும், திறக்காமல் ஜோசியம் சொல்லக் கூடாது. பல கருவிகளில் ஈரம் பட்டால் சிவக்கும் சின்ன ஸ்டிக்கர் உள்ளே ஒட்டியிருப்பார்கள். அது சிவந்திருக்கிறதா, போர்டில் துரு இருக்கிறதா என்று உங்கள் கண் எதிரில் திறந்து காட்டச் சொல்லுங்கள், போட்டோ கேளுங்கள்.

மறுபடி போகும்போது ஜாப் ஷீட் (சர்வீஸ் சென்டர் டேப்பை வாங்கிக்கொண்டதற்கு எழுதித் தரும் சீட்டு) இல்லாமல் டேப்பைக் கொடுக்காதீர்கள். அதில் சீரியல் நம்பர், நீங்கள் சொன்ன குறை, ‘வெளிப்புறத்தில் விரிசல் இல்லை’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். அவர்கள் ‘கஸ்டமர் இன்ட்யூஸ்டு டேமேஜ்’ என்று எழுதி நீட்டினால், அதன் பொருள் ‘தப்பு உங்கள் மேல்’ என்பது. அதன் கீழ் ‘இதை ஏற்கவில்லை’ என்று எழுதித்தான் கையெழுத்து.

ஈரத்துணியால் துடைத்ததை மறைக்க வேண்டுமா என்று தயங்கியிருக்கிறீர்கள். மறைக்காதீர்கள். திரையை லேசான ஈரத்தால் துடைப்பதும் உள்ளே தண்ணீர் போவதும் ஒன்றல்ல. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பொய் சொல்லி அது பிறகு வெளியே வந்தால், நியாயமான மீதிப் பகுதியும் சேர்ந்து நம்பகம் இழக்கும்.

பின் நம்பர் கேட்டால்? மண்டியின் பேங்க் ஆப் உள்ளே இருக்கும்போது கொடுக்கவே கூடாது. முதலில் அந்த ஆப்களை நீக்குங்கள். சில கம்பெனிகளின் புதிய மாடல்களில் ரிப்பேர் நேரத்தில் உங்கள் சொந்த விவரங்களை மறைத்து வைக்கவென்றே ‘மெயின்டெனன்ஸ் மோடு’ இருக்கிறது. இருந்தால் அதை ஆன் செய்து கொடுங்கள். நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளியே விடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது.

பில் தொலைந்தது பெரிய விஷயமில்லை, பில்லில் யார் பெயர் என்பதுதான்

கடைக் கம்ப்யூட்டரில் பில் இருக்கும், நகல் கேளுங்கள். போன்பே, ஜிபே, கார்டு எதில் கட்டியிருந்தாலும் பேங்க் ஸ்டேட்மென்ட் ஆதாரம். டேப் வந்த பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் சீரியல் நம்பர் இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு. ‘மண்டி ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்கினோம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் ‘நுகர்வோர்’ ஆக மாட்டார். எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் எடுக்கும். உங்களுக்குப் பதில் இல்லாமல் இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிற உங்கள் மகளும் நுகர்வோர்தான். ஒரு மருத்துவ அறக்கட்டளை தன் நர்ஸ்கள் தங்குவதற்காக வீடுகள் வாங்கிய வழக்கில், முதன்மை நோக்கம் என்ன, அதற்கும் லாபம் ஈட்டுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அறக்கட்டளையை நுகர்வோராக ஏற்றது. ஆனாலும் மண்டியில் எத்தனை ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வாதம் பலமாகவோ பலவீனமாகவோ ஆகும். கணவரும் நீங்களும் மட்டும் பார்க்கிற மண்டி என்றால் தைரியமாகப் போகலாம். பத்துப் பேர் வேலை செய்யும் மண்டி என்றால் சட்டச் செலவுக்கு முன் யோசியுங்கள்.

மைத்துனரின் பெங்களூரும் ஐந்து லட்சமும்

பெங்களூரு போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு அதிகாரம் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம் என்று 2019 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரிக்காக நீங்கள் ஓசூரைத் தாண்ட வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள். 18,500 ரூபாய் பொருளுக்கு நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது இலவசப் பழுது நீக்கம், மாற்று டேப் அல்லது பணம் திரும்ப, அதோடு அலைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை. எண்ணைப் பெரிதாக்கினால் மனு கனமாகாது, காமெடியாகும். காலமும் பாருங்கள்: ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும் தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்.

மகளின் பரீட்சைக்குள் டேப் வேண்டும் என்றால் ஒரு நடுவழி உண்டு. சர்வீஸ் சென்டரிலேயே பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் ‘எதிர்ப்புடன் செலுத்துகிறேன், தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்து, கழற்றிய பழைய டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்கி, ஜாப் ஷீட்டோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்த 8,400-ஐக் கேட்டு மனு போடலாம்.

இந்த வாரம் அனுப்ப வேண்டிய கடிதம்

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை இமெயிலுக்கும், கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் தமிழிலேயே அனுப்பலாம். இவ்வளவு போதும்:

“இந்தத் தேதியில், இந்தக் கடையில், இந்த சீரியல் நம்பர் உள்ள டேப்லெட் வாங்கினேன். வாங்கி ஏழு மாதத்தில் திரையின் இடது ஓரத்தில் டச் வேலை செய்யாமல் போய், இப்போது திரை முழுவதும் நின்றுவிட்டது. மவுஸ் இணைத்தால் டேப்லெட் இயங்குகிறது, வீடியோ இணைத்துள்ளேன். வெளியில் விரிசல் இல்லை. உங்கள் சர்வீஸ் சென்டர் கருவியைத் திறந்து பார்க்காமலே தண்ணீர் பட்டதாகக் கூறி வாரண்டியை மறுத்தது. என் முன்னிலையில் பரிசோதித்து, முடிவைப் போட்டோவுடன் எழுத்தில் தர வேண்டும். வாரண்டியில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

மவுஸ் சோதனையில் வேறு மாதிரி வந்தால் அந்த வரியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நடக்காததை எழுத வேண்டாம்.

15 நாள் கழித்தும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், செலவில்லை. அவர்களால் உத்தரவு போட முடியாது. புகாரைக் கம்பெனியிடம் கொண்டுபோய்ப் பதில் கேட்பார்கள். சின்னத் தொகை என்றால் பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடித நகல், தபால் ரசீது, ஜாப் ஷீட், வீடியோ, புகார் எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போகலாம். டேப்பை மட்டும் அதுவரை வெளியில் யாரிடமும் கழற்றக் கொடுக்காதீர்கள்.